தூண்டிலும் சிறு மீன்களும்: விழிஞ்ஞம் கரையில் ஓர் ஆய்வு நோக்கு

இந்தியாவின் தென்மேற்குக் கரையில், திருவனந்தபுரம் நகருக்குத் தெற்கே ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தொலைவில், விழிஞ்ஞம் என்னும் மீன்பிடி ஊர் அமைந்துள்ளது. கேரளக் கரையின் பெரும்பகுதி மணற்பாங்கானது. விழிஞ்ஞமோ பாறைகள் சூழ்ந்த சிறு விரிகுடாவை உடையது. இங்குக் கடலின் அடித்தளம் கரையிலிருந்து விரைவாகச் சரிந்து ஆழமாகிறது. கரையிலிருந்து ஒரு கடல் மைல் தொலைவிற்குள்ளாகவே 18 முதல் 20 மீட்டர் ஆழம் காணப்படுகிறது. அடியிலும் பல இடங்களில் பாறைத் திட்டுகள் உள்ளன. இவற்றைத் தமிழிலும் மலையாளத்திலும் மீனவர்கள் ‘பார்’ என்றே வழங்குவர்.

பாறைமேல் வலையை இழுத்தால் வலை கிழியும். ஆகவே, இத்தகைய அடித்தளத்தில் வாழும் மீன்களைப் பிடிப்பதற்குத் தூண்டிலே தகுந்த கருவியாகும். விழிஞ்ஞத்தில் தூண்டில் மீன்பிடிப்பு நெடுங்காலமாக நிலைபெற்றிருப்பதற்கு இந்த இயற்கை அமைப்பே முதற் காரணம் எனலாம். முன்னர்க் கட்டுமரங்களிலிருந்தும், 1980-களுக்குப் பின் பெரும்பாலும் புறப்பொறி பொருத்திய ஒட்டுப்பலகைப் படகுகளிலிருந்தும் கண்ணாடியிழைப் படகுகளிலிருந்தும் இத்தொழில் நடைபெற்று வருகிறது. கரைப் பாறைகளில் நின்று கோலும் நரம்பும் கொண்டு சிறு மீன் பிடிப்போரும் உண்டு.

நரம்பு, முள், ஈயம் ஆகிய மூன்றே இதன் உறுப்புகள் என்பதால், தூண்டில் எளிய கருவியாகத் தோன்றும். களப் பணியாளரின் பதிவேட்டிலும் அது பெரும்பாலும் ‘தூண்டில்’ என்னும் ஒரு சொல்லுடன் முடிந்துவிடுகிறது. ஆனால் எத்தனை பருமனுள்ள நரம்பு, எவ்வளவு பெரிய முள், எந்த ஆழம், எத்தனை மணி நேரம் என்னும் விவரங்கள் இல்லாதபோது அப்பதிவினால் விளையும் பயன் மிகக் குறைவு. கருவியின் இயல்பை அறிந்தவரே அதன் பிடிப்பைச் சரியாகக் கணக்கிட முடியும். ஆதலின் முதலில் கருவியைக் காண்போம்.

நரம்பின் பருமன்

பழைய தூண்டில் நூல்கள் பருத்தியால் ஆனவை. அவை நீரை உறிஞ்சிக் கனத்தன. விரைவில் இற்றும் போயின. நைலான் 1935-இல் அமெரிக்க நாட்டின் டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டது. அதிலிருந்து செய்யப்படும் ஒற்றை இழையே இன்று நம் கரையோரங்களில் ‘தங்கூசி’ என வழங்குகிறது. இதன் அடர்த்தி கடல்நீரின் அடர்த்தியைவிடச் சிறிதே மிகுதி. ஆகவே இது நீரில் மெதுவாகவே அமிழும். நீரில் நனைந்தபின் இதன் வலிமை ஓரளவு குறைகிறது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

ஓர் இழையின் வலிமை அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. விட்டம் இருமடங்கானால் குறுக்குப் பரப்பும் வலிமையும் நான்கு மடங்காகும். எடுத்துக்காட்டாக, 0.2 மி. மீ. விட்டமுள்ள இழை 3 கிலோகிராம் எடையைத் தாங்குமாயின், அதே பொருளாலான 0.4 மி. மீ. இழை ஏறக்குறைய 12 கிலோகிராம் தாங்கும். அப்படியாயின், எப்பொழுதும் தடித்த இழையையே கையாளலாமே என்று மாணவர் கேட்கக்கூடும்.

அதற்கு விடை நீரோட்டத்தில் உள்ளது. நீரோட்டம் இழையின் பக்கப் பரப்பைத் தள்ளுகிறது. விட்டம் இருமடங்கானால் இத்தள்ளுதலும் ஏறக்குறைய இருமடங்காகும். இழை நேராக இறங்காமல் சாய்ந்து வளையும். அதனை நேராக்கக் கனமான ஈயம் வேண்டும். ஈயம் கனத்தால், கால் கிலோகிராம் எடைகூட இல்லாத ஒரு மீன் இரையைத் தொடுவது கைக்குத் தெரியாது. இரையும் நீரில் இயல்பாக அசையாது. ஆகவே, பிடிக்க விரும்பும் மீனின் எடைக்கும் அவ்விடத்து நீரோட்டத்திற்கும் ஏற்ற அளவு மெல்லிய இழையே சிறந்தது. சிறு மீன் பிடிப்பில் இலேசான கருவி வேண்டப்படுவதற்குக் காரணம் இதுவே.

முடிச்சுதான் இழையின் வலுக்குறைந்த இடம். முடிச்சை உலர்ந்த நிலையில் இறுக்கினால் உராய்வினால் வெப்பம் உண்டாகி நைலான் மேலும் வலுவிழக்கும். ஆகவே முடிச்சை நீரிலோ உமிழ்நீரிலோ நனைத்து இறுக்குவது வழக்கம்.

கோலும் விரலும்

படகிலிருந்து பிடிப்போர்க்குப் பெரும்பாலும் கோல் தேவையில்லை. நரம்பைச் சுட்டுவிரலின்மேல் ஓடவிட்டு, மீனின் தீண்டலை விரலாலேயே அறிகின்றனர். மீன் திடீரென்று இழுக்கும்போது விரலும் மணிக்கட்டும் இளகிக் கொடுத்து நரம்பு அறுபடாமல் காக்கின்றன. பாறைமேல் நிற்பவரின் நிலை வேறு. காலடியில் அலை மோதுகிறது. நரம்பு பாறையில் உராயாமல் விலகி நிற்க வேண்டும். இதற்கு நீண்ட கோல் அவசியமாகிறது. மேலும், வளையும் இயல்புடைய மெல்லிய கோல் ஒரு வில்லைப் போலச் செயற்படும். மீனின் திடீர் இழுப்பை அது சிறிது நேரத்திற்குப் பரவச் செய்வதால், மெல்லிய நரம்பின்மீது ஒரே நொடியில் விழும் விசை குறைகிறது.

கோல் கொண்டு சிறு கடல் மீன் பிடிப்பதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு அண்டை நாட்டில் உள்ளது. இலங்கையின் தென்கரையில் கொக்கலை, வெலிகம முதலிய இடங்களில், கடலடியில் ஊன்றிய கழிகளின்மேல் அமர்ந்து, மீனவர்கள் மெல்லிய கோலால் சிறு சாளை வகைகளையும் சிறு அயிலை வகைகளையும் பிடித்து வந்தனர். இம்முறை இரண்டாம் உலகப் போர்க் காலத்தை ஒட்டித் தோன்றியதாகக் கருதப்படுகிறது. இந்நாளில் அக்கழிகள் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்சியாகவே பெரிதும் பயன்படுகின்றன. நம் நாட்டின் மினிக்காய்த் தீவில் நிகழும் கோல் தூண்டில் மீன்பிடிப்பு வேறுவகையினது. அங்கு உயிருள்ள சிறு மீன்களைக் கடலில் தூவிச் சூரைக் கூட்டத்தைப் படகருகே ஈர்த்து, பின்முள் இல்லாத கொக்கியால் ஒவ்வொன்றாகப் படகில் எறிவர். இம்முறைகள் பலவாயினும், ஒரு கொக்கிக்கு ஒரு மீன் என்பது யாவற்றிற்கும் பொதுவாகும்.

மீன் ஏன் கவ்வுகிறது

மீனுக்கு இரையை அறிவிக்கும் புலன்கள் பல. கண் ஒளியையும் அசைவையும் காண்கிறது. உடலின் இரு பக்கங்களிலும் நீண்டு செல்லும் பக்கக் கோட்டுப் புலன், நீரில் உண்டாகும் நுண்ணிய அதிர்வை உணர்கிறது. மூக்கு, இரையிலிருந்து கரையும் பொருள்களை அறிகிறது. தூண்டிற்காரர் இம்மூன்றில் ஒன்றையோ பலவற்றையோ ஏமாற்றுகிறார். வெட்டிய மீன், இறால், கணவாய்த் துண்டு ஆகியவை மணத்தால் ஈர்க்கும். இறகோ பளபளக்கும் நூலோ கட்டிய கொக்கி, இரை இல்லாமலே கண்ணை ஈர்க்கும். ஒரே நரம்பில் பல கிளை நரம்புகளைக் கட்டி, ஒவ்வொன்றிலும் இத்தகைய சிறு கொக்கியை அமைத்து, அடியில் ஈயத்தைத் தொங்கவிட்டு, மேலும் கீழுமாக அசைத்தால், அது சிறு குஞ்சுகளின் கூட்டம் போலத் தோற்றமளிக்கும்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழக்கூடும். அயிலை மீன் தன் செவுள் முட்களால் நீரிலுள்ள நுண்ணுயிர்களை வடித்து உண்பது என்று பாடநூல்கள் கூறுகின்றன. வடித்து உண்ணும் மீன் கொக்கியைக் கவ்வுவது எவ்வாறு? வளர்ந்த அயிலை, நுண்ணுயிர்களோடு இறால் குஞ்சு, மீன் குஞ்சு முதலிய சற்றுப் பெரிய உயிர்களையும் கண்ணால் தேர்ந்து கவ்வுகிறது. இறகு கட்டிய கொக்கி அதற்கு அத்தகைய உயிராகவே தோன்றுகிறது. மேலும் கூட்டமாகச் செல்லும் மீன்களில் ஒன்று பாய்ந்தால் மற்றவையும் பாயும். ஆகவேதான் ஒரே நேரத்தில் பல கொக்கிகளில் மீன்கள் சிக்குகின்றன.

விடியலும் அந்தியும் பிடிப்பிற்கு ஏற்ற வேளைகள். அப்பொழுது ஒளி குறைவாதலின் நரம்பு மீனின் கண்ணிற்கு எளிதில் புலப்படாது. நண்பகலில் தெளிந்த நீரில் மிக மெல்லிய நரம்பே பயன் தரும். இரவில் விளக்கொளியை நாடி வரும் சிற்றுயிர்களைத் தொடர்ந்து கணவாய்கள் வருகின்றன. அவற்றைப் பல முட்கள் சூழ்ந்த தனிவகைக் கொக்கியால் பிடிப்பர்.

விழிஞ்ஞத்துத் தூண்டில் மீன்களை ஆழ வரிசைப்படி பகுத்துக் காண்பது நலம். மேல்நீரிலும் நடுநீரிலும் அயிலை, வங்கடை, பெரிய கண்ணுடைய பாரை வகைகள், டெக்காப்டீரஸ் என்னும் உருண்டை உடற்பாரை ஆகியவை கூட்டமாகத் திரிகின்றன. அடித்தளத்தை ஒட்டி, கேரளத்தில் கிளிமீன் எனவும் தமிழகத்தில் சங்கரா எனவும் வழங்கும் செந்நிற மீன்கள் காணப்படுகின்றன. பாறை இடுக்குகளில் களவா வகைகள் வாழ்கின்றன.

பாரைக் காணும் கணிதம்

கடலின் மேற்பரப்பிலிருந்து பார்த்தால் அடியிலுள்ள பார் தெரியாது. ஆயினும் இக்கரை மீனவர்கள் கருவியின்றியே அதன்மேல் படகை நிறுத்த வல்லவர்கள். கரையிலுள்ள ஓர் உயர்ந்த அடையாளத்தையும் அதன் பின்னே தொலைவிலுள்ள மற்றோர் அடையாளத்தையும் நேர்கோட்டில் கொண்டுவருவர். ஒரு கோபுரமும் அதற்குப் பின்னுள்ள மலைமுகடும் இவ்வாறு அமையலாம். 1972-இல் ஒளியேற்றப்பெற்ற விழிஞ்ஞம் கலங்கரை விளக்கம் போன்ற கட்டடமும் இதற்கு உதவும். பின்னர் வேறொரு திசையில் இதே போன்ற இரண்டாவது நேர்கோட்டை அமைப்பர். இரு கோடுகளும் வெட்டும் புள்ளியே பார் உள்ள இடம். திருவனந்தபுரக் கரையில் இம்முறையைக் ‘கணிச்சம்’ என்பர். இரு நேர்கோடுகள் ஒரே புள்ளியில்தான் வெட்டும் என்னும் வடிவகணித உண்மையின் நேரடிப் பயன் இது. இக்காலத்தில் செயற்கைக்கோள் வழி இடங்காட்டும் கருவிகள் பரவியுள்ளன. எனினும், எந்த அடியில் எந்த மீன், எப்பருவத்தில், எவ்வகை நீரோட்டத்தில் கிடைக்கும் என்னும் அறிவை அக்கருவி தருவதில்லை.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இவ்வறிவின் பயன் மிகுதி. கரையின் பிற பகுதிகளில் அலை சீறிப் படகிறக்க இயலாத நாள்களில், விழிஞ்ஞம் விரிகுடா ஓரளவு அமைதியாக இருப்பதால், அண்டை ஊர் மீனவர்களும் தம் படகுகளுடன் இங்கு வந்து தங்கித் தொழில் செய்கின்றனர். கேரளத்தில் 1988 முதல் ஆண்டுதோறும் பருவமழைக் காலத்தில் இழுவலைப் படகுகளுக்குத் தடை விதிக்கப்படுகிறது. தற்போது அது ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள்கள் நீடிக்கிறது. மரபுவழிப் படகுகளுக்கு அத்தடை இல்லை.

முள்ளின் அளவும் மீனின் அளவும்

தூண்டில் மீன்பிடிப்பின் தனிச்சிறப்பு அதன் தேர்ந்தெடுக்கும் இயல்பாகும். கொக்கியின் வாயகலம் மீனின் வாயைவிடப் பெரிதாயின் அம்மீன் பெரும்பாலும் சிக்காது. ஆகவே கொக்கியின் அளவை மாற்றுவதன் வாயிலாகப் பிடிபடும் மீனின் அளவையும் ஓரளவு மாற்றலாம்.

கேரள அரசு 1980-ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ், 2015-இல் 14 இன மீன்களுக்குக் குறைந்தபட்சப் பிடிப்பளவை வரையறுத்தது. பின்னர் இது 58 இனங்களுக்கு விரிவாக்கப்பட்டது. மத்திக்கு 10 செ. மீ., அயிலைக்கு 14 செ. மீ. என்பன இவ்வரையறைகளுட் சில. மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளந்த முழு நீளமே இங்குக் குறிக்கப்படுகிறது. மிகச் சிறிய இறகுக் கொக்கிகளைக் கையாளும்போது இவ்வளவிற்குக் குறைந்த அயிலைகளும் சிக்கலாம். அந்நிலையில் சற்றுப் பெரிய கொக்கியைக் கட்டுவதே எளிய தீர்வு. சிக்கிய குஞ்சும், நனைந்த கையால் பிடித்து விரைவில் விடப்பட்டால் பிழைக்கும் வாய்ப்புண்டு. வலையில் நெருக்குண்டு செதில் உதிர்ந்த குஞ்சுக்கு அவ்வாய்ப்பு அரிது.

ஆயினும் தூண்டில் தீங்கற்றது என்று பொதுப்படக் கூறிவிடுதல் பிழையாகும். களவாவின் வாய் மிகப் பெரியது. இளங்களவாவும் பெரிய கொக்கியை எளிதில் விழுங்கும். ஆகவே கொக்கியின் அளவு அதனைக் காப்பதில்லை. மேலும் களவாக்களுட் பல இனங்கள் முதலில் பெண்ணாக முதிர்ந்து பின்னர் ஆணாக மாறுபவை. பெரியவற்றை மட்டுமே தொடர்ந்து பிடித்தால் ஆண் மீன்கள் அருகிவிடும். ஆழத்திலிருந்து தூக்கப்பட்ட களவாவைத் திரும்ப விடுவதும் எளிதன்று. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் நான்கு மடங்கு. மேலே வரும்போது காற்றுப்பையிலுள்ள வாயு நான்கு மடங்காக விரிய முயல்கிறது. வயிறு புடைத்த அம்மீன் மீண்டும் கீழே செல்ல இயலாமல் மிதந்து இறக்கும். எனவே பாரின்மேல் சிறு களவாக்களே தொடர்ந்து சிக்குமாயின், அவற்றை விடுவதைக் காட்டிலும் அவ்விடத்தை விட்டு அகல்வதே பயனுள்ள வழி.

பதிவேட்டில் எழுத வேண்டியவை

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-இல் மண்டபத்தில் தொடங்கப்பெற்று, 1967-இல் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின்கீழ் வந்தது. விழிஞ்ஞத்திலும் அதற்கு ஆய்வு நிலையம் உண்டு. இந்நிலையம் நாடெங்கும் மாதிரிக் கணக்கெடுப்பின் வாயிலாகப் பிடிப்பை மதிப்பிட்டு வருகிறது. எல்லாப் படகுகளையும் எண்ணுவது இயலாது. தேர்ந்த நாள்களில் தேர்ந்த படகுகளைக் கண்டு முழுமையை மதிப்பிடுவதே இம்முறை. ஆகவே ஒரு படகைப் பற்றிய பதிவிலுள்ள பிழை பல படகுகளின் கணக்கிற்குப் பரவும்.

எடுத்துக்காட்டாக, ஒரு படகில் மூவர் நான்கு மணி நேரம் பிடித்து 18 கிலோகிராம் மீன் கொணர்ந்தனர் என்று கொள்வோம். மற்றொன்றில் இருவர் மூன்று மணி நேரம் பிடித்து 12 கிலோகிராம் கொணர்ந்தனர். மொத்த எடையை மட்டும் கண்டால் முதற் படகே மேலானது. ஆனால் முதலாவதில் 12 ஆள்-மணி உழைப்பிற்கு 18 கிலோகிராம். அதாவது ஆள்-மணிக்கு ஒன்றரைக் கிலோகிராம். இரண்டாவதில் 6 ஆள்-மணிக்கு 12 கிலோகிராம். அதாவது ஆள்-மணிக்கு இரண்டு கிலோகிராம். கடலில் மீன் மிகுந்திருந்த இடத்தை இரண்டாவது படகே காட்டுகிறது.

எனவே ஒவ்வொரு பதிவிலும் பின்வருவன இடம்பெற வேண்டும்: ஆள்களின் எண்ணிக்கை, கடலில் சென்றுவந்த நேரம் நீங்கலாகத் தூண்டில் நீரில் இருந்த நேரம், ஒரு நரம்பிலுள்ள கொக்கிகளின் எண்ணிக்கை, ஆழம், இரையின் வகை, இனவாரியான எடை, சில மீன்களின் நீளம். கொக்கியின் எண்ணை மட்டும் எழுதுவது போதாது. சிறு கொக்கிகளில் எண் கூடக் கூட அளவு குறையும். எண் 10 கொக்கி எண் 6 கொக்கியைவிடச் சிறியது. 1/0, 2/0 என எழுதப்படுவனவற்றிலோ முதல் எண் கூடக் கூட அளவும் கூடும். செய்வோருக்குச் செய்வோர் அளவும் வேறுபடும். கொக்கியின் வாயகலத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதுவதே நம்பத்தக்கது.

பள்ளியில் செய்து காட்டத்தக்கவை

இப்பொருளில் மூன்று எளிய செயல்களை ஆசிரியர்கள் வகுப்பில் செய்து காட்டலாம். முதலாவது: ஒரே நீளமுள்ள தங்கூசித் துண்டுகளில் ஒன்றை உலர்ந்த நிலையிலும், ஒன்றை ஓரிரவு நீரில் ஊறவைத்தும், ஒன்றை நடுவில் முடிச்சிட்டும் எடையேற்றி அறுத்துப் பார்த்தல். இதற்கு மணல் நிரப்பிய வாளியும் தராசும் போதும். இரண்டாவது: ஊசியற்ற மருத்துவப் பீச்சுகுழலின் வாயை விரலால் அடைத்துக் காற்றை அழுத்தியும் விடுத்தும், ஆழ மீனின் காற்றுப்பை விரியும் விதத்தை உணர்த்தல். மூன்றாவது: பள்ளித் திடலில் ஒரு காசைப் புதைத்து, மரம், கம்பம், கட்டட மூலை ஆகியவற்றைக் கொண்டு இரு நேர்கோடுகள் அமைத்து, மறுநாள் அவ்விடத்தைக் கண்டெடுத்தல்.

கடற்கரைக்கு மாணவரை அழைத்துச் செல்வோர் பருவமழை மாதங்களில் பாறைகளின்மேல் ஏறவிடுதல் ஆகாது. பேத்தை மீனில் கொடிய நஞ்சு உண்டு, அதனை உண்ணலாகாது. ஓரா, கெளிறு ஆகியவற்றின் முட்கள் குத்தினால் கடும் வலி உண்டாகும். குத்திய இடத்தைச் சூடு பொறுக்கும் அளவிலான, 45 பாகை செல்சியசுக்கு மேற்படாத வெந்நீரில் அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். பின்னர் மருத்துவரைக் காண வேண்டும். அறுந்த தங்கூசி மட்காது. ஆமைகளும் பறவைகளும் அதில் சிக்கி மடிகின்றன. ஆதலால் துண்டுகளைத் திரட்டிக் கரை சேர்த்தல் கடமையாகும்.

மாறும் கரை

விழிஞ்ஞம் இன்று பழைய விழிஞ்ஞம் அன்று. 2015 டிசம்பரில் தொடங்கிய பன்னாட்டுத் துறைமுகப் பணியின் விளைவாக, ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள அலைத்தடுப்புச் சுவர் கடலில் எழுந்துள்ளது. 2025 மே 2-ஆம் நாள் துறைமுகம் முறைப்படி நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. பெருங்கப்பல்கள் வந்து செல்லும் நீர்வழியில் சிறு படகு நங்கூரமிட்டுத் தூண்டில் போட இயலாது. கரை அரிப்பையும் வாழ்வாதாரத்தையும் குறித்து 2022-இல் மீனவர்கள் பல மாதங்கள் போராட்டம் நடத்தினர். மீன்வளம் குறைந்துள்ளது என்பாரும், இல்லை என்பாரும் உள்ளனர்.

இத்தகைய வினாவிற்கு விடை கூறவல்லது நீண்டகாலப் பதிவு ஒன்றே. வலையின் அளவும் பொறியின் திறனும் ஆண்டுதோறும் பெருகி வருவதால், அவற்றின் பிடிப்பைக் கொண்டு கடலின் நிலையை மதிப்பிடுதல் கடினம். கையால் இயங்கும் தூண்டிலோ அதிகம் மாறாதது. பத்தாண்டுகளுக்கு முன் ஒரு பாரின்மேல் ஓர் ஆள் ஒரு மணி நேரத்தில் பிடித்ததையும் இன்று பிடிப்பதையும் ஒப்பிடலாம். ஆனால் அன்றைய பதிவேட்டில் ஆளும் மணியும் ஆழமும் முள்ளும் எழுதப்பட்டிருந்தால் மட்டுமே அவ்வொப்பீடு இயலும். ‘தூண்டில், 18 கிலோகிராம்’ என்று மட்டும் எழுதப்பட்ட வரி எவருக்கும் சான்றாகாது. அம்மீனைப் பிடித்தவர் தம் இழப்பையோ ஆதாயத்தையோ மெய்ப்பிக்க நேரும்போது, அவருக்கும் அவ்வரி துணை நிற்காது. கரையில் படகு வந்தணையும் அந்தச் சில நிமிடங்களில், இன்னும் நான்கு வினாக்களைக் கேட்டு எழுதிக்கொள்வதே களப் பணியாளர் செய்யக்கூடிய பெரும்பணி.